பார்கோடை வெட்டுவதற்கு முன்: அமெரிக்காவில் தபால் ரிபேட் வாங்கும் முறை

2002 நவம்பர். மின்னசோட்டா மாநிலத்தின் ஈடன் ப்ரெய்ரியில் நாங்கள் குடியேறி ஓராண்டு ஆகியிருந்தது. தேங்க்ஸ்கிவிங் என்ற அமெரிக்கப் பண்டிகை அன்று காலையில் வந்த செய்தித்தாளைத் தூக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. உள்ளே அத்தனை விளம்பரத் தாள்கள். அவற்றில் ஒன்றில் வயர்லெஸ் ரவுட்டர் 20 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் இருட்டோடு எழுந்து, குளிரில் வரிசையில் நின்று வாங்கினோம். கல்லாவில் 85 டாலர் 20 சென்ட் கேட்டார்கள்.

பில் தவறு என்றுதான் நினைத்தேன். கல்லாவில் இருந்த பெண் பொறுமையாக விளம்பரத்தை விரித்துக் காட்டினார். 20 என்ற எண்ணுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி இருந்தது. விலை 80 டாலர். தயாரித்த நிறுவனம் 40 டாலரும் கடை 20 டாலரும் பிறகு தபாலில் திருப்பி அனுப்பும். இதற்குத்தான் ரிபேட் என்று பெயர். அதைப் பெற, படிவத்தை நிரப்பி, ரசீதும் பெட்டியிலிருந்து வெட்டிய பார்கோடும் சேர்த்து உறையில் அனுப்ப வேண்டும். விற்பனை வரி 6.5 சதவீதம், முழு 80 டாலருக்கும். இயந்திரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ரசீது வந்தது. அதை மடித்து என் கையில் வைத்து, "இதைத் தொலைத்துவிடாதீர்கள்" என்றார் அவர்.

அந்த 60 டாலரும் வந்து சேர்ந்தது. ஒரு காசோலை ஜனவரிக் கடைசியில், இன்னொன்று மார்ச்சில். அப்போது எனக்கு எச்-4 விசா, வேலை விசாவில் வந்தவரின் மனைவிக்குத் தருவது. வேலைக்குப் போக அனுமதி இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு துணை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்தவரின் மகள் நான். படிவம், உறை, முத்திரை, தேதி இவையெல்லாம் நான் வளர்ந்த வீட்டின் பேச்சு. அதனால் எங்கள் வீட்டு ரிபேட் வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்த குடும்பங்களுக்கும் நிரப்பிக் கொடுத்தேன். இன்று தபால் உறையின் இடத்தைப் பெரும்பாலும் இணையப் படிவம் பிடித்துவிட்டது. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள விதிகள் மாறவில்லை.

உறை போய்ச் சேரும் இடம்

நீங்கள் அனுப்பும் உறை பெரும்பாலும் தயாரிப்பாளரிடமும் போவதில்லை, கடையிடமும் போவதில்லை. இந்த வேலையை மட்டும் ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் நிறுவனங்கள் தனியே உண்டு. உறையைப் பிரிப்பது, படிவத்தைக் கணினியில் ஏற்றுவது, விதிகளோடு ஒப்பிடுவது, காசோலை அச்சிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அந்தக் காலத்தில் உறைகளில் நான் அதிகம் எழுதிய ஊர்கள் இரண்டு. ஒன்று டெக்சாஸின் எல் பாசோ. மற்றொன்று மின்னசோட்டாவின் யங் அமெரிக்கா, அஞ்சல் குறியீட்டு எண் 55555.

அப்படி ஓர் ஊரே இருக்காது, ஏதோ விளம்பரப் பெயர் என்று எண்ணியிருந்தேன். வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் வீட்டிலிருந்து 212ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம்கூட இல்லை. ஓர் ஆகஸ்ட் கடைசியில், 1861 முதல் அங்கே நடந்துவரும் ஸ்டிஃப்டுங்ஸ்ஃபெஸ்ட் என்ற ஜெர்மானியத் திருவிழாவைப் பார்க்கும் சாக்கில் போய்வந்தோம். 1997இல் பக்கத்து ஊரான நார்வுட்டோடு இணைந்து நார்வுட் யங் அமெரிக்கா ஆகியிருந்தது; மொத்தம் சுமார் 3,000 பேர்; சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும். நாடு முழுவதிலிருந்தும் உறைகள் வந்து குவியும் இடம் இதுதானா என்று நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போய்வந்த பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. உங்கள் உறையைப் பிரிப்பவர் அந்தக் கடையின் ஊழியரும் அல்ல, அந்தப் பொருளைச் செய்தவரும் அல்ல. அவர் முன்னால் ஒரு சரிபார்ப்புப் பட்டியல்தான் இருக்கிறது. வாங்கிய தேதி சலுகைக் காலத்துக்குள் இருக்கிறதா, பார்கோடு எண் பட்டியலில் உள்ளதுதானா, முத்திரைத் தேதி கெடுவுக்குள் விழுந்திருக்கிறதா, இந்த முகவரிக்கு ஏற்கெனவே போயிருக்கிறதா. நீங்கள் இணைக்கும் விளக்கக் கடிதத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே உருக்கமாக எழுதாதீர்கள். கேட்டதைக் கேட்டபடி வையுங்கள்.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்

விலையைக் கல்லாவிலேயே குறைத்துவிட்டால் போதாதா என்று நான் பல முறை கேட்டிருக்கிறேன். குறைத்தால் வாங்கும் ஒவ்வொருவருக்கும் குறைகிறது. ரிபேட் என்றால் அனுப்பியவருக்கு மட்டும். விளம்பரத்தில் உள்ள 20 டாலர் கடைக்குள் எல்லோரையும் இழுக்கிறது. வாங்கியவர்களில் பலர் படிவத்தை மறந்துவிடுகிறார்கள், சிலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள், சிலர் பார்கோடு ஒட்டிய பெட்டியையே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். இப்படிக் கேட்காமல் விடப்படும் பங்குக்கு அந்தத் தொழிலில் பிரேக்கேஜ் என்று பெயர். காசோலை கைக்கு வந்தும் வங்கியில் போடாமல் விடுவது ஸ்லிப்பேஜ். சலுகைத் தொகையை முடிவுசெய்யும்போதே இத்தனை பேர் கேட்க மாட்டார்கள் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

அது மட்டும் என்றால் வெறும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிடலாம். வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் நியாயமானவையும் உண்டு. தயாரிப்பாளர் மொத்த விலையில் 10 டாலர் குறைத்தால், கடைக்காரர் அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் தன் லாபத்தில் சேர்த்துக்கொள்ள முடியும். ரிபேட்டில் பணம் நேராக வாங்கியவரின் பெயருக்கே வருகிறது. ஓரிரு வாரம் மட்டும் விற்பனையைக் கூட்ட நினைத்தால், அலமாரியில் உள்ள விலைச் சீட்டைத் தொடாமலே தொடங்கலாம், நிறுத்தலாம். அந்தப் பொருள் 80 டாலர் பெறும் என்ற எண்ணமும் மக்கள் மனத்தில் அப்படியே நிற்கும். நேரம் ஒதுக்கிப் படிவம் நிரப்புகிறவர் பெரும்பாலும் விலை பார்த்து வாங்குகிறவர். அவருக்கு ஒரு விலை, அவசரக்காரருக்கு ஒரு விலை என்று ஒரே அலமாரியில் விற்க முடிகிறது. நம் பணம் எட்டுப் பத்து வாரம் அவர்கள் கையில் இருக்கிறது. நம் பெயரும் முகவரியும் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்குச் சைபர்ரிபேட் என்ற நியூயார்க் இணையக் கடையே சான்று. சந்தை விலையைவிடப் பல மடங்கு விலை வைத்து, முழுத் தொகையையும் ரிபேட்டாகத் தருவதாகச் சொல்லி விற்றார்கள். கேட்காதவர்களின் பணத்தில் ஓட வேண்டிய வண்டி அது. கேட்டவர்கள் பெருகினார்கள், 2001 மே மாதம் திவால் மனு போட்டார்கள். பணம் வர வேண்டியவர்கள் நீதிமன்றத்தில் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் போய் நின்றார்கள். ரிபேட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர் என்பதை அன்றுமுதல் நான் மறக்கவே இல்லை.

வாங்கலாமா என்று முடிவுசெய்வது

எங்கள் ரவுட்டர் கணக்கைப் பாருங்கள். விளம்பரம் சொன்னது 20. வரி 5 டாலர் 20 சென்ட். தயாரிப்பாளர் தரும் ரிபேட் விலையைக் குறைத்ததாக வரிக்கணக்கில் பெரும்பாலான மாநிலங்களில் எடுத்துக்கொள்வதில்லை. அன்றைய தபால்தலை 37 சென்ட், இரண்டு உறைக்கு 74 சென்ட். ஆக உண்மை விலை ஏறத்தாழ 26 டாலர், அதுவும் இரண்டு உறையும் தவறாமல் பலித்தால். ஒன்று தவறினால் 46 அல்லது 66.

ஆகவே கடையில் நிற்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த ரிபேட் வராமலே போனாலும் இந்த விலைக்கு இது எனக்கு வேண்டுமா? வேண்டாம் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். கடன் அட்டையில் வாங்கி, மாதக் கடைசியில் முழுவதும் கட்ட முடியாத நிலை என்றால் கண்டிப்பாக வேண்டாம். காசோலை வருவதற்குள் வட்டி அதைத் தின்றுவிடும்.

கல்லாவை விட்டு நகரும் முன் மூன்று விஷயம் பாருங்கள். படிவம் கையில் இருக்கிறதா, படிவத்தில் உள்ள மாடல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் ஒன்றா, வாங்கிய தேதி சலுகையின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் விழுகிறதா. வெள்ளிக்கிழமை தொடங்கும் சலுகைக்கு வியாழக்கிழமை இரவே வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எந்த உதவியும் செய்ய முடியவில்லை.

மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

வாங்கிய அன்றே பொருளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓட வைத்துப் பாருங்கள். பார்கோடை வெட்டிவிட்டால் பெரும்பாலான கடைகள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் எனக்கு இரண்டு நாள் கணக்கு: இரண்டு நாள் சரியாக ஓடினால் மூன்றாம் நாள் கத்தரிக்கோல். அதற்கு மேல் தள்ளாதீர்கள். ஒரு மாதம் இருக்கிறதே என்று தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்த படிவங்கள்தான் நிறுவனத்தின் பிரேக்கேஜ் கணக்கில் சேருகின்றன.

வெட்டும் முன் நகல் எடுங்கள். நான் நூலகத்தின் நகல் இயந்திரத்தில் எடுத்தேன்; இன்று கைப்பேசி போதும். நிரப்பிய படிவம், ரசீதின் முழு நீளம், பெட்டியில் ஒட்டியிருக்கும் நிலையிலேயே பார்கோடு, முகவரி எழுதிய உறை, நான்கும் வேண்டும். ஒரே பொருளுக்கு இரண்டு ரிபேட் இருந்தால் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் ஒன்று அசல் பார்கோடைக் கேட்கும், மற்றது நகலை ஏற்கும். எதற்கு எது என்று மாற்றி அனுப்பிவிட்டால் அசல் கேட்ட ரிபேட் போகும்.

எந்தப் பார்கோடு என்பதிலும் கவனம் வேண்டும். பெட்டியில் வரிசை எண், மாடல் எண், அனுப்பீட்டு எண் என்று நான்கைந்து கோட்டுப் பட்டைகள் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது கல்லாவில் வருடும் பன்னிரண்டு இலக்க யுபிசி. அதை அட்டையோடு சேர்த்து வெட்டுங்கள். மேல்தாளை மட்டும் உரித்தால் கிழிந்துபோகும்.

ரசீதில் வாங்கிய தேதியையும் பொருளையும் விலையையும் பேனாவால் வட்டமிடுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது என்றால் எழுத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டாதீர்கள்; வண்ண மார்க்கரும் வேண்டாம். சில நாளில் அந்த எழுத்தே மங்கிப்போகும்.

பெயர்தான் நம்மவர்களை அதிகம் படுத்துகிறது. படிவத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம்; நம் பெயர்களோ கட்டம் தீர்ந்த பிறகும் முடிவதில்லை. என் கணவரின் பாஸ்போர்ட்டில் மாமனாரின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. முதல் காசோலை முன்னெழுத்தும் பாதிப் பெயருமாக வந்து, வங்கியில் அடையாள அட்டை காட்டி விளக்க வேண்டியதாயிற்று. வங்கிக் கணக்கில் எந்த எழுத்துகளில் எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே எழுதுங்கள். இடம் போதாவிட்டால் முதற்பெயரைச் சுருக்கி, குடும்பப் பெயரை முழுவதும் எழுதுங்கள்.

ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற விதியை லேசாக எண்ணாதீர்கள். எங்கள் குடியிருப்பில் நான்கு இளைஞர்கள் ஒரே வீட்டில் தங்கியிருந்தார்கள். மென்பொருள் வேலைக்கு வந்தவர்கள். நால்வரும் ஒரே ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, நான்கு உறை அனுப்பினார்கள். முதலில் போன உறைக்குப் பணம் வந்தது. மற்ற மூன்றுக்கும் "இந்த முகவரிக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டது" என்று அஞ்சலட்டை வந்தது. விதி படிவத்திலேயே அச்சாகியிருந்ததால் மேற்கொண்டு வாதாட வழி இருக்கவில்லை. வீட்டு முகவரிதான் வேண்டும், தபால் பெட்டி எண் ஏற்கப்படாது என்றும் பல படிவங்கள் சொல்லும்.

கெடு முத்திரைத் தேதிக்கா, போய்ச் சேரும் தேதிக்கா என்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் முத்திரைத் தேதிதான். 50 டாலருக்கு மேற்பட்ட தொகை என்றால் நான் அஞ்சலகத்துக்கே போய், சிறு கட்டணம் கட்டி, அனுப்பியதற்கான சான்றுச் சீட்டு வாங்கிவிடுவேன். அப்பாவின் அஞ்சலகத்தில் சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் என்று முத்திரை குத்திக் கொடுத்ததற்கு நேரான சீட்டு இங்கேயும் இருக்கிறது என்று கண்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

காத்திருக்கும் காலம்

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பொருள், தொகை, அனுப்பிய நாள், வர வேண்டிய நாள், விசாரிக்கும் தொலைபேசி எண், வந்த நாள். ஐந்தாம் கட்டத்தை நிரப்பாமல் எந்த உறையையும் ஒட்டியதில்லை. அந்த எண் படிவத்தில்தான் இருக்கும், படிவமோ உறைக்குள் போய்விடும்.

காசோலை காசோலையைப்போல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குப்பைத் தபாலோடு குப்பையாக, மடித்து ஓரம் ஒட்டிய மெல்லிய அட்டையாக வரும். மின்னசோட்டாவின் ஜனவரியில் கையுறையோடு தபால் பெட்டியைத் திறந்து, நடுக்கத்தில் அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவது எளிது. வீட்டுக்குள் கொண்டுவந்து வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பல காசோலைகளில் 90 நாளுக்குள் போட வேண்டும் என்று இருக்கும், அன்றே போட்டுவிடுங்கள். வாங்கிய பொருளுக்குத் திரும்பி வரும் இந்தத் தொகை விலைக் குறைப்பாகவே கருதப்படுகிறது. அதனால் வருமானவரிப் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை.

மறுப்பு வந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு நிறுவனம் 70 டாலர் ரிபேட்டுக்கு "யுபிசி இணைக்கப்படவில்லை" என்று எழுதியது. நான் என் கையால் வைத்து ஒட்டிய உறை அது. தொலைபேசியில் அழைத்து, நகல் இருப்பதைச் சொல்லி, அதைத் தொலைநகலில் அனுப்பினேன். மூன்று வாரத்தில் காசோலை வந்தது. நகல் இல்லாதிருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அழைத்த நாள், பேசியவர் சொன்ன பெயர், கொடுத்த எண் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

சொன்ன கெடுவுக்குள் பணம் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. கெடு எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாள் என்கிறது கூட்டாட்சி வர்த்தக ஆணையம். நிறுவனம் அசையாவிட்டால் அந்த ஆணையத்திடமும் உங்கள் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திடமும் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பயன் இருக்குமா என்று தயங்குகிறவர்களுக்கு 2005ஆம் ஆண்டு வழக்கைச் சொல்வேன். கியூபிஎஸ் என்ற நிறுவனம் ரிபேட்டை உரிய காலத்தில் தரவில்லை என்று தெரிந்தும் அதன் பொருள்களை ரிபேட் விளம்பரத்தோடு விற்றுவந்ததாகக் கம்ப்யூஎஸ்ஏ என்ற கணினிக் கடைகள்மீது ஆணையம் குற்றம் சாட்டியது. சமரச உத்தரவில் அந்தப் பணத்தைக் கடையே கொடுக்க வேண்டியதாயிற்று. புகார்கள் சேராமல் அப்படி ஒரு வழக்கு எழுந்திருக்காது.

இன்று எங்கே இருக்கிறது

அதே 2005இல், எங்கள் ஊர்ப் பக்கத்து ரிச்ஃபீல்டில் தலைமையகம் கொண்ட பெஸ்ட் பை என்ற மின்னணுச் சாதனக் கடை நிறுவனம், இரண்டு ஆண்டுகளுக்குள் தபால் ரிபேட்டை விட்டுவிடுவதாக அறிவித்தது. கணினிக் கடைகளில் அந்தக் கூத்து மெல்ல ஓய்ந்தது. ஆனால் கார் டயர், கண்ணில் வைக்கும் லென்ஸ், பெயின்ட், எஞ்சின் ஆயில், வீட்டுச் சாதனங்கள் ஆகியவற்றில் ரிபேட் உயிரோடுதான் இருக்கிறது. ரசீதைப் படம் எடுத்து ஏற்றினால் போதும் என்பது பெரிய விடுதலை. லென்ஸ் வாங்கும்போது மட்டும் பெட்டிகளை எறியாதீர்கள்; பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையையும் கண் பரிசோதனை ரசீதையும் பலர் சேர்த்துக் கேட்கிறார்கள்.

வீடு கட்டவும் புதுப்பிக்கவும் வேண்டிய பொருள்களை விற்கும் மெனார்ட்ஸ் கடையின் 11 சதவீத ரிபேட் இந்த மத்திய மேற்கில் எல்லோர் வீட்டுப் பேச்சிலும் இருக்கிறது. விஸ்கான்சினின் எல்க் மவுண்ட் என்ற ஊருக்கு நாங்கள் அனுப்பாத உறை இல்லை. அது பணமாக வருவதில்லை, அந்தக் கடையிலேயே செலவழிக்கும் சீட்டாக வருகிறது. 100 டாலர் கொடுத்தவருக்கு மொத்தம் 111 டாலர் பொருள். கணக்குப் பார்த்தால் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான தள்ளுபடி. வீடு புதுப்பிக்கிறவருக்கு அது பணத்துக்குச் சமம். ஒரே ஒரு ஏணி வாங்கப் போனவருக்கு அப்படி அல்ல.

மற்ற நிறுவனங்கள் காசோலைக்குப் பதிலாக முன்பணம் ஏற்றிய அட்டையை அனுப்புகின்றன. பரிசு அட்டைக்குக் குறைந்தது 5 ஆண்டுக் காலம் தர வேண்டும் என்ற கூட்டாட்சி விதி, விளம்பரச் சலுகையாகத் தரும் இந்த அட்டைகளுக்குப் பொருந்தாது. ஆறு மாதத்தில் காலாவதியாகும் அட்டைகள் உண்டு. வந்த அன்றே செயல்படுத்தி, அதன் தொகை முழுவதையும் நீங்கள் வழக்கமாக வாங்கும் ஓர் இணையக் கடையின் கணக்கில் இருப்பாக ஏற்றிவிடுங்கள்; 1 டாலர் 37 சென்ட் என்று மிச்சம் நின்று வீணாகாது. நேராகப் பொருள் வாங்கினால், காலியான அட்டையையும் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடியும்வரை வைத்திருங்கள். பொருளைத் திருப்பினால் பணம் அதே அட்டைக்குத்தான் திரும்பி வரும்.